ரசிகர்கள் எழுதிய விண்போர் மிஷன்கள்: பிரீஸ்பேஸ் 2 ஆட்டத்தின் வரலாறு

பிரீஸ்பேஸ் 2 என்பது 1999 செப்டம்பர் இறுதியில் வெளிவந்த விண்வெளிப் போர்க் கணினி விளையாட்டு ஆகும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த வொலிஷன் நிறுவனம் இதை உருவாக்கியது. இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்டது. விமர்சகர்கள் பாராட்டினார்கள், ஆனால் கடைகளில் விற்கவில்லை. மூன்றாம் பாகம் வரவே இல்லை. இருந்தும் இந்த ஆட்டம் கால் நூற்றாண்டு கடந்து இன்றும் ஆடப்படுகிறது. ஆடியவர்களே எழுதிச் சேர்த்த மிஷன்கள்தான் அதற்குக் காரணம்.

ரசிகர்கள் ஆட்டத்தைத் திருத்துவது புதிய வழக்கமன்று. விண்போர் ஆட்டங்களின் மூதாதையான ஸ்பேஸ்வார் 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில், பி.டி.பி.-1 என்னும் கணினியில் எழுதப்பட்டது. முதன்மை நிரலை எழுதியவர் ஸ்டீவ் ரசல். திரையின் பின்னணியில் விண்மீன்கள் தாறுமாறாகத் தெளிக்கப்பட்டிருந்தது பீட்டர் சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. வானியல் அட்டவணையைப் பார்த்து, உண்மையான வானத்தின் ஒரு பகுதியையே அவர் எழுதிச் சேர்த்தார். நடுவில் ஈர்ப்பு விசையுள்ள ஒரு விண்மீனை வைத்தவர் டான் எட்வர்ட்ஸ். இதற்கெல்லாம் அவர்களை யாரும் ஏவவில்லை. பக்கத்தில் இருந்தவர் நிரலைத் திறந்து பார்க்க முடிந்தது, குறை தெரிந்தது, திருத்தினார்.

பின்னாளில் விண்போர் ஆட்டங்கள் விற்பனைப் பொருள்களாயின. 1990இல் விங் கமாண்டர், 1993இல் எக்ஸ்-விங் என்று பெட்டியில் அடைத்து வந்தவற்றில் நிரல் பூட்டிய அறைக்குள் இருந்தது. வாங்கியவர் ஆடலாம், அவ்வளவுதான். 1998இல் வந்த பிரீஸ்பேஸ் முதல் பாகத்தில் அந்தக் கதவு பாதி திறந்தது. வொலிஷன் பணியாளர்கள் மிஷன்களை அமைக்கப் பயன்படுத்திய 'ஃபிரெட்' என்ற கருவியையே ஆட்டத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள்.

மிஷன் எப்படி இயங்குகிறது?

ஒரு மிஷன் என்பது ஒரு போர்க்களக் காட்சி. எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, எதிரிகள் எத்தனை அணியாக எப்போது வருவார்கள், விமானிக்குப் புறப்படுமுன் சொல்லும் விளக்கம், பறக்கும்போது காதில் கேட்கும் செய்தி, திரும்பியபின் கிடைக்கும் பாராட்டோ திட்டோ எல்லாம் அதில் அடங்கும். இவற்றை இணைப்பவை நிபந்தனைகள். 'சரக்குக் கப்பல் அழிந்தால், ஐந்து நொடி கழித்து இந்தச் செய்தியை அனுப்பு. அழியவில்லையென்றால் அடுத்த அணியை வரவிடு' என்பது போல. லிஸ்ப் என்ற நிரல்மொழியை ஒத்து, இவை அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக எழுதப்படுகின்றன. கணக்கு வகுப்பில் அடைப்புக்குறிகளை உள்ளிருந்து வெளியே நீக்கப் பழகிய மாணவர் எவரும் இதைப் படித்துவிடலாம். கோப்பும் சாதாரண எழுத்துக் கோப்புதான்.

காக்களூர் தொழிற்பேட்டையில் சி.என்.சி. இயந்திரம் ஓட்டும் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். இயந்திரம் ஒன்றே, ஏற்றும் நிரல் மாறினால் வெளிவரும் பொருள் மாறும்.

கதையும் அதன் விடுபட்ட நுனிகளும்

மனிதர்களும் வசூதன்கள் என்ற வேற்றினத்தாரும் பதினான்கு ஆண்டுகளாகப் போரிடுகையில், இருவரையும் அழிக்க மூன்றாவது இனம் ஒன்று வருகிறது. அழிக்கும் கடவுளான சிவன் பெயரால் அவர்களுக்கு 'சிவன்கள்' என்று பெயர். அவர்களது பெருங்கப்பல் வகைகளில் ஒன்று ராவணா, இன்னொன்று ராட்சசா. நம் புராணப் பெயர்களைப் பொருள் முழுதும் அறியாமல் எடுத்தாண்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிவனும் சிவபக்தனான இராவணனும் ஒரே படையில் நிற்பது மட்டும் தற்செயலாகப் பொருந்திவிட்டது.

முதல் பாகத்தின் முடிவில் பூமிக்குச் செல்லும் விண்வழி இடிந்து, பூமி மற்றக் குடியேற்றங்களிலிருந்து துண்டிக்கப்படுகிறது. இரண்டாம் பாகத்தின் முடிவில் கபெல்லா விண்மீன் வெடிக்கிறது. சிவன்கள் ஏன் அதைச் செய்தார்கள் என்று ஆட்டம் சொல்வதில்லை. பூமிக்கு என்ன ஆயிற்று என்பதும் தெரியாது. 2000இல் வொலிஷன் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. கதை அந்தரத்தில் நின்றது.

2002 ஏப்ரலில் வொலிஷன் ஆட்டத்தின் மூல நிரலை வெளியிட்டது. நிபந்தனை, அதை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது. தன்னார்வலர்கள் ஒன்றுகூடி அதை மேம்படுத்தினார்கள். விண்டோசில் மட்டும் ஓடியது லினக்சிலும் மேக்கிலும் ஓடத் தொடங்கியது. 'சைலண்ட் த்ரெட்' என்ற அதிகாரப்பூர்வ விரிவாக்கம் அவசரத்தில் செய்தது போலிருந்தது என்ற குறை உண்டு. ரசிகர்கள் அதையே முதலிலிருந்து திருத்தி எழுதினார்கள்.

புளூ பிளானட் என்ற ரசிகர் தொடர் பூமியின் கேள்வியைக் கையிலெடுத்தது. அதில் பூமிக்கு வழி மீண்டும் திறக்கிறது. 2010இல் தொடங்கிய அதன் இரண்டாம் பகுதியில் உறவினர் சந்திப்பாக இருக்க வேண்டியது உள்நாட்டுப் போராகிறது. ஆடுபவர் இப்போது பூமியின் பக்கம். மூல ஆட்டத்தில் எந்தக் கொடியின் கீழ் பறந்தாரோ, அதே கொடியைச் சுட வேண்டும். குருச்சேத்திரத்தில் அருச்சுனன் வில்லைக் கீழே வைத்த நிலை அது. விற்பனையை எண்ணும் நிறுவனம் இப்படித் தன் நாயகர்களையே எதிரியாக்கத் துணிந்திருக்குமா என்பது ஐயமே. திட்டமிட்ட பிற்பகுதிகள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நின்றதையும் சொல்ல வேண்டும். கூலியில்லாத வேலையில் அது நேர்வதுண்டு.

விங் கமாண்டர் சாகா, மூல நிரல் வெளியான காலத்தில் தொடங்கிப் பத்தாண்டு உழைப்புக்குப் பின் 2012 மார்ச்சில் வெளிவந்தது. அதே ஆண்டில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா தொலைக்காட்சித் தொடரைத் தழுவி டயஸ்போரா வந்தது. இரண்டும் இலவசம், மூல ஆட்டத்தை வாங்காமலே ஆடலாம்.

வணிகத் தடையை ஒரு சிறையாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பத்தாண்டு உழைத்தும் ஒரு காசு பெற முடியாது என்பது உண்மைதான். ஆனால் விற்க முடியாததாலேயே ஒருவர் எழுதிய மிஷனை மற்றவர் திறந்து, படித்து, கற்க முடிந்தது. ஸ்பேஸ்வார் அறையில் நடந்ததும் இதுவே.

வொலிஷனை வாங்கிய டி.எச்.க்யூ. நிறுவனம் நொடித்துப்போனபின், 2013இல் பிரீஸ்பேஸ் உரிமை இன்டர்பிளேயிடம் வந்தது. 2023 ஆகஸ்டில் வொலிஷனே மூடப்பட்டது. மூல நிரலைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் தொடக்கம் முதலே ஒரு வழக்கத்தைப் பிடிவாதமாகக் காத்து வருகிறார்கள்: எந்தப் புதிய வசதி சேர்த்தாலும், பழைய மிஷன்கள் அதனால் உடையக் கூடாது. அதனால்தான் 1999இல் வொலிஷன் எழுதிய மிஷன்களை இன்றைய கணினியில் ஏற்றினாலும் அவை ஓடுகின்றன.