தாது இல்லாத நிலத்தில் இரும்பு

வலிகாமத்துத் தோட்டங்களில் மண் சிவந்து கிடப்பதற்கு இரும்புதான் காரணம். மண்துகள்களில் படிந்திருக்கும் இரும்பு ஒட்சைட்டு அந்த நிறத்தைத் தருகிறது. ஆனால் அந்த மண்ணை எத்தனை வண்டி உலையில் கொட்டினாலும் ஒரு கத்திக்கான இரும்பு தேறாது. அதற்குக் கீழே இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் உருக்கத்தக்க இரும்புத் தாது இல்லை. தாதை உருக்குவதற்கு மலைமலையாகக் கரி வேண்டும். அந்தக் கரிக்குரிய பெருங்காடும் இங்கில்லை.

இருந்தும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த நிலத்தின் வாழ்வு இரும்பின் மீதே நின்றிருக்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்து இரும்பின் வரலாற்றைத் தேடுபவர் உலைகளைத் தேடிப் பயனில்லை. இரும்பு எந்த வழியாக வந்தது, வந்த இரும்பை மக்கள் எப்படி மறுபடி மறுபடி உருமாற்றிப் பயன்படுத்தினார்கள் என்பவையே இங்கு கேட்க வேண்டிய கேள்விகள்.

மிகப் பழைய தடயங்கள் ஈமக்காடுகளிலும் குடியிருப்பு மேடுகளிலும் கிடைத்தன. கந்தரோடையில் 1910களின் பிற்பகுதியில் போல் பீரிஸ் ஆய்வு செய்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு அங்கே அகழ்ந்தது. ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு பெருங்கற்காலப் புதைகுழிகளைத் திறந்தது. பிராமி எழுத்துப் பொறித்த புகழ்பெற்ற முத்திரை வந்தது அங்கிருந்துதான். முத்திரைக்குக் கிடைத்த வெளிச்சத்தில் அது எந்தப் பண்பாட்டைச் சேர்ந்தது என்பது சற்றுப் பின்னுக்குப் போய்விட்டது. கறுப்பு-சிவப்பு மட்பாண்டமும் இரும்புக் கருவியும் சேர்ந்து அடையாளம் காட்டும் அந்தப் பண்பாடு தென்னிந்தியா முழுவதும் பரவியிருந்தது. இலங்கையின் மேற்குக் கரையில் உள்ள பொம்பரிப்புத் தாழிகளும் அந்த உறவினுள் அடங்குபவை.

பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து அண்மையில் வந்த செய்தி இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. 2025 ஜனவரி 23ஆம் திகதி தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ‘இரும்பின் தொன்மை’ என்ற ஆய்வறிக்கையை வெளியிட்டது. மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172, ஆதிச்சநல்லூருக்குக் கி.மு. 2517, சிவகளைக்குக் கி.மு. 3345 எனக் காலக்கணிப்புகள் அதில் தரப்பட்டுள்ளன. அறிஞர்கள் இவற்றை இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி விவாதிப்பதே முறை. ஆதிச்சநல்லூரும் சிவகளையும் இருப்பது தாமிரபரணிப் படுகையில். அங்கிருந்து ஈழத்தின் மேற்குக் கரை பாய்மரத்துக்கு எட்டாத தூரம் அல்ல.

தமிழ்நாட்டிலிருந்து மட்டுமே இரும்பு வந்தது என்று கொள்ளவும் முடியாது. அனுராதபுரத்தின் ஆதிக் குடியிருப்பில் இரும்பின் பயன்பாடு கி.மு. முதலாயிரமாண்டின் தொடக்க நூற்றாண்டுகளுக்குச் செல்கிறது. தென்பகுதி மலைச்சாரலில் நடந்த உருக்குத் தொழில் உலக உலோகவியல் வரலாற்றிலேயே தனி இடம் பெற்றது. சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்படுவதற்கு முன் அந்தப் பகுதியை ஆராய்ந்த கில் ஜுலெஃப், மேற்கு நோக்கிய சரிவுகளில் வரிசையாக அமைந்த உலைகளைக் கண்டார். அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. ஆடி மாதக் காற்று எனப்படும் தென்மேற்குப் பருவக்காற்று சரிவில் மோதி மேலேறும்போது, உலையின் மேல்விளிம்பில் அழுத்தம் குறையும். அந்த அழுத்த வேறுபாடே முன்பக்கத்துக் குழாய்களின் ஊடாகக் காற்றை உள்ளே இழுத்துத் தணலை மூட்டும். துருத்தி ஊத ஆள் தேவையில்லை. 1994இல் அதே மாதிரி உலையொன்றைக் கட்டி உருக்கிப் பார்த்தபோது கரிச்சத்து மிகுந்த உருக்கு கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ இதழ் அந்த முடிவுகளை வெளியிட்டது. சரந்தீவு எனப்பட்ட இலங்கையின் வாள்களைப் பற்றி 9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி எழுதியது வெறும் புகழ்ச்சி அல்ல என்பது அதன் பின்னர் உறுதியாயிற்று.

குடாநாட்டுக்குத் தெற்கே, மன்னார் எதிர்க்கரையில் உள்ள மாந்தை இந்தக் கடல்வழியின் பெருவாசல். 1980களின் தொடக்கத்தில் ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கு நடந்த அகழ்வில் சீன, பாரசீகப் பாண்டங்களோடு இரும்புக் கசடும் வெளிப்பட்டது. ஒரு துறைமுகத்தில் கசடு கிடக்கிறது என்றால், அங்கே உலோகம் ஏற்றி இறக்கப்பட்டதோடு நெருப்பிலும் இடப்பட்டிருக்கிறது என்பது பொருள்.

அப்படி வந்த இரும்பு குடாநாட்டில் என்ன செய்தது? வாள், வேல் என்று உடனே மனம் போகும். ஆனால் யாழ்ப்பாணத்தை உண்மையில் உருவாக்கிய இரும்புக் கருவி அலவாங்கு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத இந்த நிலத்தில் நீர் என்றால் கிணறுதான். மேலே சில அடி மண். அதற்குக் கீழே பாறை. அந்தப் பாறையைப் பிளந்து இறங்கினால்தான் நன்னீர். அலவாங்கும் சம்மட்டியும் உளியும் இல்லையென்றால் கிணறில்லை. கிணறு இல்லையென்றால் புகையிலை இல்லை, வெங்காயம் இல்லை, நெருங்கிய ஊர்கள் இல்லை. துலா பனையாலும், நீர் அள்ளும் பட்டை பனையோலையாலும் ஆனவை. ஆடுகால் மரத்தாலானது. நீர் இறைக்கும் அமைப்பு முழுவதும் மரத்தாலும் ஓலையாலும் நடந்தது. அதற்கு அடிகோலிய குழியை வெட்டியது இரும்பு. பனையும் அப்படித்தான். பாளைக்கத்தி இன்றிக் கள் இறங்காது. சத்தகம் இன்றி ஓலை பாயாகாது, கடகமாகாது. யாழ்ப்பாணத்தைப் பனையின் நாடு என்று எழுதுவோர் அந்தச் சின்னக் கத்திகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இந்தக் கருவிகளெல்லாம் பிறந்த இடம் கம்மாலை. துருத்தி, பட்டடை, குறடு, சம்மட்டி, நீர்த்தொட்டி: இவ்வளவுதான் தளபாடம். கொல்லர் கையில் இரும்பு ஒருபோதும் முடிந்துபோவதில்லை. தேய்ந்த மண்வெட்டி உழவாரமாகும். உழவாரம் தேய்ந்து ஆணியாகும். வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டை போடும் வேலையில் அந்தத் தொழிலறிவு முழுவதும் தெரியும். சில்லின் சுற்றளவை விடச் சற்றுச் சிறிதாகப் பட்டையை வளைத்து ஒட்டி, வட்டமாக நெருப்பு மூட்டிச் சூடாக்கினால் அது விரியும். விரிந்த நிலையில் மரச்சில்லில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி, ஆரக்கால்களை இறுக்கிப் பிடிக்கும். எவ்வளவு சிறிதாக வளைக்க வேண்டும் என்பதற்குச் சூத்திரம் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. தந்தையின் கண் மகனுக்கு அதைக் கற்றுக் கொடுத்தது.

ஒல்லாந்தர் காலத்தில் குடாநாட்டு மக்கள் சாதிவாரியாகத் தோம்புகளில் பதியப்பட்டு, வரியும் ஊழியமும் சுமத்தப்பட்டனர். கைவினைஞரும் அதிலிருந்து தப்பவில்லை. 1680இல் ஐங்கோணமாகத் திருத்தியெழுப்பப்பட்ட யாழ்ப்பாணக் கோட்டையின் ஒவ்வொரு முருகைக்கல்லும் இரும்புக் கருவி பட்டுத்தான் சதுரமானது. ஆனால் கோட்டை பற்றிய நூல்களில் தளபதிகளின் பெயர் இருக்கிறது. உளிக்கு முனை தட்டியவரின் பெயர் இல்லை. இந்த மௌனத்தை ஆய்வாளர்கள் இயல்பானதாக ஏற்றுக்கொண்டதுதான் வருத்தம்.

19ஆம் நூற்றாண்டு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஆப்ரகாம் டார்பி 1709இல் நிலக்கரிக் கோக்கைக் கொண்டு தாதை உருக்கியதும், ஹென்றி பெசமர் 1856இல் மலிவான உருக்குக்கு வழி கண்டதும் பிரித்தானியாவை உலகின் இரும்புக் கடையாக்கின. சோழமண்டலக் கரையில் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் தொடங்கிய இரும்பு ஆலை, சேலத்து நல்ல தாதைக் கையில் வைத்திருந்தும் நிலைக்கவில்லை. கரிக்காகக் காடுகளை அழித்து உருக்கிய இரும்பு, கப்பலில் வந்திறங்கிய இரும்போடு விலையில் போட்டியிட முடியவில்லை. இலங்கையின் மலைநாட்டு உலைகளுக்கும் அதே கதிதான்.

அந்த உலைகள் அணையும் தறுவாயில் அவற்றைக் கவனித்து எழுதியவர் யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராக உலகம் அறிந்த அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை வகித்தார். பலாங்கொடைப் பகுதியில் கடைசித் தலைமுறை உருக்குநர்கள் இரும்பு எடுப்பதை நேரில் கண்டு பதிவு செய்தார். 1908இல் வெளிவந்த அவரது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலிலும் அந்தத் தொழில்நுட்பத்துக்கு இடம் உண்டு. கைவினையின் அழிவைப் பற்றி அவர் பின்னாளில் எழுதியவற்றின் வேர் அந்த உலைக்களங்களில் இருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

குடாநாட்டுக்கு இரும்பு முதன்முறையாகப் பேரளவில் வந்தது தண்டவாளமாகத்தான். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான 34 கிலோமீற்றர் பாதை 1902 மார்ச் 11ஆம் திகதி திறக்கப்பட்டது. அப்போது தெற்கே வன்னியூடான பாதை முடிந்திருக்கவில்லை. நாட்டின் ஏனைய பாதைகளோடு தொடர்பில்லாத அந்தத் துண்டுக்கு வேண்டிய தண்டவாளமும் இயந்திரமும் கடல் மார்க்கமாகவே வந்திருக்க முடியும். பழைய இரும்பு வந்த அதே வழிதான். 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி கொழும்பிலிருந்து முதல் கோச்சி யாழ்ப்பாணம் சேர்ந்தது. மாட்டு வண்டியில் பல நாள் கிடந்து, வன்னிக் காய்ச்சலுக்கு அஞ்சிக் கடந்த வழி ஒரு நாளுக்குள் சுருங்கியது. குடாநாட்டுப் புகையிலையும் படித்த இளைஞரும் தெற்கே போனார்கள். தெற்கிலிருந்து மலிவான வாளி, மண்வெட்டி, தகரம், கம்பி எல்லாம் வந்தன. 1956இல் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியபோது கொழும்பு யாழ்ப்பாணத்தவரின் அன்றாட ஊராகிவிட்டிருந்தது.

கம்மாலைகள் இதனால் மூடுண்டுவிடவில்லை. இறக்குமதி மண்வெட்டி வந்தபின் கொல்லருக்குப் புதுமூலப்பொருள் கிடைத்தது: லொறிகளின் வில்லுத்தகடு. கரிச்சத்து கூடிய அந்த உருக்கைக் காய்ச்சித் தட்டி, சரியான நிறத்தில் நீரில் தோய்த்தால் கூர் மழுங்காத கத்தி கிடைக்கும். கொங்குநாட்டுக் கொடுமணலில் மூசையிலிட்டு உருக்குச் செய்த பழைய கைவினைஞர் தேடிய அதே குணம், இப்போது ஆலை உருக்கினுள் ஆயத்தமாகவே இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் அரசு கைத்தொழில்களை வளர்க்க முயன்றது. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கல்லால் கட்டிய வீடுகளின் இடத்தைச் சீமெந்தும் இரும்புக் கம்பியும் பிடித்தன. 1960களில் சோவியத் உதவியோடு ஒருவலவில் உருக்குக் கூட்டுத்தாபனம் அமைந்தது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போனபோது, துலா நின்ற கிணறுகளில் நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகின. ஊருக்கு ஊர் லேத் பட்டறைகள் முளைத்தன. கம்மாலையில் வளர்ந்த கைகள் பல அங்கே கடைச்சல் இயந்திரத்தைப் பிடித்தன.

பிறகு 1990. ஜூன் மாதத்தோடு போரினால் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. சீமெந்து ஆலையும் நின்றது. வடக்குக்கு எடுத்துச் செல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் எரிபொருள், பற்றரி, சீமெந்து என்பவற்றோடு இரும்புக் கம்பியும் சேர்ந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திறந்திருந்த வழி அடைபட்டது. தாது இல்லாத நிலத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை. அதற்கு மக்கள் கண்ட விடையும் கம்மாலையின் விடையே: இருந்ததை மாற்றிச் செய்தார்கள். பழுதான வாகனம் இன்னொரு வாகனத்துக்கு உறுப்பாயிற்று. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சைக்கிள் தைனமோ வானொலிக்கு மின்சாரம் தந்தது.

தண்டவாளங்களுக்கு நேர்ந்ததுதான் இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. போரில் ஈடுபட்ட இரு தரப்பும் அவற்றைக் கழற்றிப் பதுங்குகுழிகளுக்குப் பயன்படுத்தின. சிலிப்பர் கட்டைகளும் அவ்வாறே போயின. தண்டவாளமும் பனங்குற்றியும் அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட பங்கர்கள் வடக்கெங்கும் எழுந்தன. பயணத்துக்காக உருக்கப்பட்ட இரும்பு, நகராமல் ஒளிந்திருப்பதற்கான கூரையாயிற்று. மக்கள் வீட்டு முற்றத்துப் பங்கருக்குக் கிடைத்த எதையும் குறுக்கே போட்டார்கள். அந்தக் கூரைகளுக்குக் கீழே உயிர் பிழைத்த பிள்ளைகள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள்.

போருக்குப் பின் இந்தியக் கடனுதவியில் ‘இர்கொன்’ நிறுவனம் ஓமந்தையிலிருந்து பாதையை மீள அமைத்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறை என இரும்பு மறுபடி வடக்கே வந்தது. இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் நடந்தது. எரிந்த வாகனங்களும் உருக்குலைந்த இயந்திரங்களும் பழைய இரும்பாக லொறிகளில் தெற்கே போயின. வெடிக்காத குண்டுகள் கிடந்த நிலத்தில் அந்த இரும்பைப் பொறுக்கியவர்கள் பெரும்பாலும் வேறு வருமானம் இல்லாதவர்கள்.

இனி ஆய்வுக்குரிய வேலைகள் இரண்டு கண்முன்னே நிற்கின்றன. பழைய முறையில் உருக்கிய இரும்பினுள் நுண்ணிய கசடுத் துணுக்குகள் சிக்கியிருக்கும். அவற்றின் வேதியியல் சேர்க்கை, எந்தத் தாதிலிருந்து இரும்பு வந்தது என்பதைக் காட்டவல்லது. குடாநாட்டுத் தொல்களங்களில் கிடைக்கும் இரும்புத் துண்டுகளைச் சமனலவெவ, மாந்தை, கொங்குநாட்டுக் கசடுகளோடு ஒப்பிட்டால், கடல்வழி பற்றி இன்று ஊகமாகப் பேசுவதில் ஒரு பகுதியாவது சான்றாக மாறும். மற்றது அவசரமானது. வில்லுத்தகட்டில் கத்தி அடிக்கும் முதிய கொல்லர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த நிறத்தில் இரும்பை எடுக்க வேண்டும், தோய்க்கும் நீரின் அளவு என்ன, எந்தக் கரி நின்று எரியும் என்பவை அவர்களிடம் மட்டுமே உள்ளன. யாழ்ப்பாணம் நாவலர் வீதி அருங்காட்சியகத்தில் கோட்டைக் காலத்துப் பொருட்களின் அருகே ஒரு முழுக் கம்மாலையை, துருத்தி முதல் நீர்த்தொட்டி வரை, அவர்கள் சொல்லச் சொல்ல அமைத்து வைக்கலாம். பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் அருகில் உட்கார ஒரு விடுமுறைக்காலம் போதும்.