கொக்கிஸ் அச்சும் ஒரு தடையும்

மார்கழி பிறந்தால் அம்மம்மா கொக்கிஸ் அச்சைத் தேய்ச்சுக் கழுவி வெயில்ல வைப்பா. அரிசிமா, தேங்காய்ப்பால், கொதிக்கிற எண்ணெய். எங்கட வீட்டு நத்தார் அந்த வாசத்தோடதான் தொடங்கும்.

ஆனால் 'கொக்கிஸ்' எங்கட சொல் இல்லை. சின்னத் தின்பண்டங்களுக்கு ஒல்லாந்தர் சொன்ன 'கூக்யெஸ்' தான் இப்படி மாறியது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அதே ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருக்களைத் துரத்தினார்கள். 1687இல் மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகளார் இரவில், வீடுகளுக்குள் ஒளித்துத்தான் பூசை வைத்தார். 2015இல் அவர் புனிதரானார்.

கோயில் பறிபோன காலத்தில் வீடுதான் கோயில். செபத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் வீடுதான். தடை போட்டவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய பலகாரம் மட்டும் எங்கட நத்தார்த் தட்டில மிஞ்சியிருக்கு.

அந்தத் தட்டு முதலில் போறது பக்கத்துச் சைவ வீட்டுக்கு. தைப்பொங்கலுக்கு அது வெறுமையாத் திரும்பி வந்ததே இல்லை.

இந்த வருசம் அச்சைப் பிடிக்க அம்மம்மாவுக்குக் கை நடுங்குது. கம்பஸ் லீவு விட்டதும் நான் போய்ப் பழகவேணும். வரலாற்றுப் பாடத்தில் இதை ஒருத்தரும் சொல்லித்தரப் போறதில்லை.