தாடையைத் தின்ற தீக்குச்சி

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான். அம்மா அங்கே கட்டை அடுக்கியவர்; மருந்தில் முக்குவதற்குக் குச்சிகளை வரிசையாகச் செருகும் வேலை. மாலையில் சேலையோடு மருந்து நெடியும் வீட்டுக்குள் வரும். அந்த நெடியில் தாடையைத் தின்னும் வெள்ளைப் பாஸ்பரஸ் இல்லை. சிவகாசிக்கு இந்தத் தொழில் வந்தது 1920களில். வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியை இந்தியச் சட்டம் 1913இலேயே தடை செய்திருந்தது.

லண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாஸ்பரஸ் ஆவி சொத்தைப் பல் வழியாகத் தாடை எலும்பில் இறங்கும். வீக்கம், சீழ், பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம்; கடைசியில் தாடையையே அறுத்தெடுப்பார்கள். ஐரோப்பிய மருத்துவர்கள் இதை 1840களிலேயே எழுதிவிட்டார்கள். பின்லாந்து 1872இலும் டென்மார்க் 1874இலும் தடை போட்டன. பிரிட்டிஷ் அரசோ காற்றோட்டம், கை கழுவுதல், பல் பரிசோதனை என்று விதிமேல் விதி எழுதிக்கொண்டிருந்தது. தடை போட்டால் சந்தையை அயல்நாட்டான் பிடித்துக்கொள்வான், எங்கே உரசினாலும் பற்றும் குச்சியைத்தான் ஜனங்கள் கேட்கிறார்கள் என்றார்கள் முதலாளிகள். தாடையைத் தின்னாத, பெட்டியில் மட்டும் உரசும் செம்பாஸ்பரஸ் குச்சி அதே கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருந்தது!

1888இல் லண்டனின் பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டி ஆலையில் சுமார் 1400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்காக எழுதியவர் அன்னி பெசன்ட்; பின்னாளில் நம் அடையாறில் குடியேறிய அதே அம்மையார்தான். அபராதப் பிடித்தம் ஒழிந்தது, சாப்பிடத் தனி அறை கிடைத்தது. பாஸ்பரஸ் மட்டும் போகவில்லை. நோயாளிகளைக் கணக்கில் காட்டாமல் மறைத்ததற்காக 1898இல் அந்தக் கம்பெனி கட்டிய அபராதம் சுமார் 25 பவுன். அதே ஆண்டு பிரான்சில் செவேன், கேயன் என்ற இருவர், எங்கும் உரசக்கூடிய, தாடையைத் தின்னாத கலவையைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகும் 'ஜனங்கள் கேட்கிறார்கள்' என்றது வெறும் சாக்குதான் என்பேன்.

அயல்நாட்டுப் போட்டி என்ற பயத்துக்கு 1906 பெர்ன் ஒப்பந்தம் மருந்து போட்டது: நாடுகள் சேர்ந்தே வெள்ளைப் பாஸ்பரஸைக் கைவிடுவது. முதலில் ஒதுங்கி நின்ற பிரிட்டன் 1908இல் சட்டம் செய்து உள்ளே வந்தது. அமெரிக்காவில் சிக்கல் வேறு. ஆலைக்குள் தலையிடும் அதிகாரம் மாநிலங்களுடையது என்பதால், 1912இல் நாடாளுமன்றம் தடை என்ற பேச்சையே எடுக்காமல், வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி நூற்றுக்கு 2 சென்ட் வரி போட்டது. அந்த வரியைக் கட்டிவிட்டுக் குச்சி விற்றால் முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. ஏற்றுமதி, இறக்குமதி இரண்டையும் அதே சட்டத்தில் மூடிவிட்டார்கள்.