முதுமைக்கால மாற்றங்கள்

பொதுவாக 65 வயதுக்குப் பிந்தைய பருவத்தில் உடலிலும் அறிதிறனிலும் காணப்படும் மாற்றங்கள். எல்லாம் அந்த வயதில்தான் தொடங்கும் என்பதில்லை. கண்வில்லை விறைத்து வெள்ளெழுத்து வருவது நாற்பதுகளிலேயே. காதில் முதலில் மங்குபவை உயர் அதிர்வெண் ஒலிகள். தசையும் எலும்பின் அடர்த்தியும் குறைகின்றன.

அறிதிறனின் கதை வேறு. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் உளவியலாளர் வார்னர் ஷை 1956இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, அதே ஆட்களை ஏழாண்டுக்கு ஒருமுறை சோதித்தது. வெவ்வேறு வயதினரை ஒரே காலத்தில் ஒப்பிட்ட முந்தைய ஆய்வுகள் சரிவை மிகைப்படுத்தியிருந்தன என்பதை இது காட்டியது. தலைமுறைகளுக்கு இடையிலான படிப்பின் வேறுபாட்டையும் அவை வயதின் கணக்கிலேயே எழுதிவிட்டன. சிந்தனை வேகம் முன்னதாகத் தளர்கிறது; சொல்வளம் அறுபதுகள் வரை பெரிதாகக் குறைவதில்லை. தெரிந்த பெயர் சட்டென்று நாவில் வராதது இயல்பு. பழகிய தெருவில் வழி தவறுவதைத்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வயதைக் காட்டி ஒதுக்கும் போக்குக்கு 1969இல் 'ஏஜிசம்' என்று பெயரிட்டவர் மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். உளவியலாளர் பெக்கா லெவி குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம் முதுமையை நல்லவிதமாகக் கருதியோர் மற்றவரைவிட ஏறத்தாழ ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தனர். உடல்நிலையைக் கணக்கில் கொண்ட பிறகும் இத்தொடர்பு நீடித்தது. ஆயினும், மனப்பான்மைதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து முடிவுகட்ட இயலாது.