காதேசு: நெடுநாள் பாளையம்

இணைச்சட்ட நூலின் தொடக்கத்திலேயே, வழிநடைப் பயணி ஒருவர் குறித்து வைத்தது போன்ற சிறு செய்தி ஒன்று உண்டு. ஓரேபு மலையிலிருந்து சேயிர் மலை வழியாகக் காதேசுபர்னேயாவுக்குப் பதினொரு நாள் நடை என்பதே அது. வாசிக்கும்போது நாம் பெரும்பாலும் கவனியாமல் கடந்துவிடும் வரி. ஆனால் அடுத்த அதிகாரத்தில் மற்றொரு கணக்கு வருகிறது. காதேசை விட்டுச் செரேது ஓடையைக் கடப்பதற்குள் 38 ஆண்டுகள் கழிந்தன என்கிறது நூல். பதினொரு நாளில் வந்து சேர்ந்த மக்கள், ஒரு தலைமுறை முழுவதும் மடிந்த பின்னரே அப்பால் செல்ல முடிந்தது. எண்ணிக்கை நூல் வரிசைப்படுத்தும் நாற்பதுக்கும் மேற்பட்ட தங்குமிடங்களுள் இத்துணைச் சுமை தாங்கிய இடம் வேறில்லை.

தங்குமிடம் என்று இங்கு நாம் எழுதினாலும், தமிழ் விவிலியம் ஆளும் சொல் 'பாளையம்' என்பதாகும். படையும் குடும்பமும் கூடாரமடித்துத் தங்கும் இடத்துக்கு அது பழைய பெயர். பாளையக்காரர் ஆண்ட தென்சீமையில், 1801இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மண்ணில் வாழும் நமக்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. பாளையம் ஊர் அன்று. எந்நேரமும் புறப்படுவதற்கு ஆயத்தமான இடம். அப்படிப்பட்ட பாளையம் புறப்படாமல் நின்றுவிட்டால் என்னவாகும் என்பதே காதேசின் கதை.

காதேசு என்னும் பெயர் தூய்மையைக் குறிக்கும் எபிரேய வேரிலிருந்து வந்தது. அதற்கு முன் 'நீதியின் ஊற்று' என்னும் பொருள்படும் என்மிஸ்பாத்து என்ற பெயரும் அதற்கு இருந்ததாகத் தொடக்கநூல் கூறுகிறது. ஆபிரகாம் அப்பக்கத்தில் தங்கியிருந்தார். ஆகாருக்கு வானதூதர் காட்சி தந்த கிணறும் காதேசுக்கும் பெரேதுக்கும் இடையில்தான். ஆகவே மோசே வருவதற்கு நெடுங்காலம் முன்பே, வழக்குத் தீர்க்கவும் நீர் மொள்ளவும் பாலைவன மக்கள் கூடிய ஊற்றாக அவ்விடம் இருந்திருக்கலாம்.

இடைக்காலத்தில் அந்த இடம் எது என்பது மறந்துபோயிற்று. 1842இல் ஜான் ரோலண்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் சீனாய்ப் பாலைநிலத்தில் அய்ன் கதீஸ் என்னும் ஊற்றைக் கண்டு, பெயர் ஒற்றுமையால் இதுவே காதேசு என்றார். 1881இல் அங்குச் சென்ற அமெரிக்கர் டிரம்புல் அதனை உறுதிசெய்து பெரிய நூலே எழுதினார். 1914இல் ஊலியும், பின்னாளில் அரேபியாவின் லாரன்ஸ் எனப் புகழ்பெற்றவரும் அப்பகுதியை அளந்து ஆராய்ந்தபோது, அய்ன் கதீஸின் சிறு நீர் பெருங்கூட்டத்துக்குப் போதாது எனக் கண்டனர். ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவிலுள்ள அய்ன் எல்-குதெய்ராத் ஊற்றோ, சீனாயின் வடபகுதியிலேயே மிகுதியான நீருடையது. அதுவே காதேசு என்பது இன்று பெரும்பாலோர் முடிவு. பெயர் ஓரிடத்தில், நீர் மற்றோரிடத்தில்! நீருள்ள பக்கமே ஆய்வாளர் சாய்ந்ததில் நமக்கு வியப்பில்லை.

1956இலும், பின்னர் 1976 முதல் 1982 வரையிலும் அங்கு அகழாய்வு நடந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோட்டைகள் வெளிப்பட்டன. அவற்றுள் பழையது கி.மு. 10ஆம் நூற்றாண்டினது என்றும், கடைசிக் கோட்டை கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்தது என்றும் கணித்தனர். பின்வந்த ஆய்வாளர் சிலர் அங்குள்ள மட்பாண்ட ஓடுகள் சில இன்னும் முந்தியவை என்கின்றனர். ஆயினும் விடுதலைப் பயணத்துக்குப் பலர் குறிக்கும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் பெருங்கூட்டமொன்று அங்குத் தங்கியதற்குத் தடயம் கிடைக்கவில்லை. இதை மறைப்பதால் விசுவாசத்துக்கு நன்மை ஏதுமில்லை. அதே வேளை, கூடாரம் என்ன தடயத்தை விட்டுச் செல்லும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காவடியுடன் குன்றக்குடி வழியே பழனிக்கு நடக்கும் நகரத்தாரும், ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம் மக்களும் வழிநெடுகத் தங்கிச் சமைத்து உண்கின்றனர். அடுத்த மழைக்குப் பின் அடுப்புக் கல்லும் அடையாளம் காட்டாது. விவிலியம் தரும் மக்கள்தொகையை அப்படியே எழுத்துப்படி கொள்ளவேண்டுமா என்பது வேறு கேள்வி. அதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

காதேசில் நிகழ்ந்தவை யாவும் அச்சத்தையும் தாகத்தையும் சுற்றியே அமைந்தவை. அங்கிருந்துதான் பன்னிரு ஒற்றர் கானான் நாட்டுக்குச் சென்றனர். நாற்பது நாள் சுற்றி, எஸ்கோல் பள்ளத்தாக்கின் திராட்சைக் குலையை இருவர் தடியில் சுமக்கத் திரும்பினர். நாடு நல்லதென்று எல்லாரும் ஒப்புக்கொண்டனர். ஆனால் ஏனாக்கின் வழிவந்த நெட்டையர்முன் நாம் வெட்டுக்கிளிகள் என்று பதின்மர் சொன்னார்கள். காலேபும் யோசுவாவும் மட்டுமே மறுத்துப் பேசினர். மக்கள் இரவெல்லாம் அழுதனர். எகிப்துக்கே திரும்ப வேறொரு தலைவரைத் தேடினர். நாள் ஒன்றுக்கு ஓர் ஆண்டாக நாற்பது ஆண்டு என்னும் தீர்ப்பு அங்கே பிறந்தது. தீர்ப்பைக் கேட்டபின் அவர்களுக்குத் திடீரென வீரம் வந்ததும், மோசே தடுத்தும் மலையேறி ஓர்மாவரை அடிபட்டு ஓடியதும் மனித இயல்பை அறிந்தவர் எழுதிய பகுதி.

பின்னர் மிரியாமின் சாவு. காதேசில் இறந்தார், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பதோடு நூல் நிறுத்திக்கொள்கிறது. நைல் ஆற்றங்கரையில் குழந்தை மோசேயைக் காத்து நின்ற தமக்கைக்கு இவ்வளவுதான். ஆனால் அதற்கு அடுத்த வரியே, மக்களுக்குத் தண்ணீர் இல்லாமற்போனது என்கிறது. மிரியாமின் பொருட்டே ஊற்று அவர்களோடு வந்தது, அவர் மறைந்ததும் நின்றது என யூத மறைநூல் அறிஞர் இவ்விரு செய்திகளையும் இணைத்துப் பொருள் கொண்டனர். வானம் பார்த்த செட்டிநாட்டில் வாழ்வோருக்கு இவ்விளக்கம் அந்நியமாகத் தோன்றாது. மழைநீரை ஊருணிக்கு வழிநடத்தி, குடிநீர் ஊருணியில் கால் நனைக்கவும் விடாமல் காத்த ஊர்கள் நம்முடையவை. காரைக்குடிக்குச் சம்பை ஊற்று எத்தகைய செல்வம் என்பதையும் ஊரார் அறிவர். குடம் சுமந்து குடும்பத்துக்கு நீர் சேர்த்தவர்கள் பெண்களே அல்லரோ?

பாறையிடம் பேசு என்று ஆண்டவர் மோசேக்குச் சொன்னார். மோசேயோ கோலால் இருமுறை அடித்தார். நீர் பெருகியது, ஆனால் அவரும் ஆரோனும் நாட்டுக்குள் நுழையும் பேற்றை இழந்தனர். குற்றம் எது என்பதில் விளக்கங்கள் பல. முன்பு இரபிதீமில் அடிக்கச் சொன்னவரே இங்குப் பேசச் சொன்னார், அதை மீறினார் என்பது ஒன்று. வாய் தவறிப் பேசினார் என்பது 106ஆம் திருப்பாடலின் கருத்து. நாங்கள் உங்களுக்குத் தண்ணீர் தர வேண்டுமோ என்ற பொருளில் அவர் மக்களைக் கடிந்தபோது, அந்த 'நாங்கள்' என்பதில் கடவுளுக்கு இடம் இல்லாமற் போனதே குற்றம் என நமக்குத் தோன்றுகிறது. தமக்கையைப் புதைத்த கை ஆறுமுன் மக்கள் சண்டைக்கு வந்தனர் என்பதையும் நினைத்தால், அந்த முதியவர்மேல் இரக்கமே மிகுகிறது. இணைச்சட்ட நூலில் அவரே, உங்களால்தான் எனக்கு இது நேர்ந்தது என்று மக்களிடம் மனம் நொந்து கூறுகிறார்.

நம் சிவகங்கை மறைமாவட்ட எல்லைக்குள்ளேயே ஒரு நெடுநாள் பாளையம் இருப்பதை இங்குச் சொல்லாமல் விட முடியவில்லை. அதுவே மண்டபம் முகாம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம் அது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டபின், அவர்கள் பேரப்பிள்ளைகள் தாயகம் திரும்பியோராக அவ்வழியே வந்தனர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அகதிகள் வந்தனர்; மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கரும் அவர்களுள் அடங்குவர். தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்து வந்துள்ளனர். பத்தடிக்குப் பத்தடி அறையில் பிறந்து, அங்கேயே மணமுடித்து, பிள்ளை பெற்றவர்கள் உண்டு. குறித்த நாளில் அதிகாரி வந்து தலைகளை எண்ணுவார். பாலைநிலத்தில் மக்களை எண்ணிய நூலுக்கு 'எண்ணிக்கை' என்றே பெயர். முதற் கணக்கில் பெயர் பெற்றோருள் காலேபும் யோசுவாவும் தவிர ஒருவரும் இரண்டாம் கணக்கில் இல்லை.

ஆனால் ஒப்புமையை இதற்குமேல் நீட்டுவது அநீதி. காதேசின் மக்கள் தம் அவநம்பிக்கைக்காகத் தடுக்கப்பட்டனர் என்று நூல் சொல்கிறது. முகாமில் பிறந்த குழந்தை எதற்காகத் தடுக்கப்பட்டது? 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரையே கருதியது. இலங்கை அதில் இல்லை. 2021இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றிப் புதிய வீடுகள் கட்ட முன்வந்தது நல்ல செயல். எனினும் முகாம் என்ற சொல் நீங்கவில்லை. வந்த காலத்து இளைஞர்கள் நாற்பது ஆண்டு கடந்து முதியோராகிவிட்டனர்.

திருச்சபையின் திருப்புகழ்மாலை ஒவ்வொரு நாளும் தொடங்கும்போது 95ஆம் திருப்பாடல் மெரிபாவை நினைவூட்டுகிறது. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகமும் அதே பாடலை எடுத்துக்கொண்டு, இளைப்பாற்றியில் நுழையாமற் போனவர்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. பின்னாளில் காதேசு யூதா நாட்டின் தென் எல்லைக் குறியாயிற்று. ஏதோமின் எல்லையோரத்தில் வழி கேட்டு மறுக்கப்பட்ட இடம் எல்லைக் கோட்டையாக மாறிற்று.

யோசுவா நூலில் அப்பெயரை ஒரு கிழவர் மீண்டும் உச்சரிக்கிறார். கில்காலில் நாடு பங்கிடப்படும்போது காலேபு முன்வருகிறார். கெனிசியர் எனப்படும் இவர் வேற்றினக் குலத்திலிருந்து யூதாவோடு இணைந்தவராகலாம் என்பாருமுண்டு. காதேசுபர்னேயாவிலிருந்து மோசே தம்மை அனுப்பியபோது வயது நாற்பது, ஆண்டுகள் நாற்பத்தைந்து கழிந்தன, இன்று எண்பத்தைந்து என்று கணக்குச் சொல்கிறார். சமவெளியில் செழிப்பான பங்கை அவர் கேட்கவில்லை. பதின்மர் எந்த மலையைக் கண்டு அஞ்சித் திரும்பினார்களோ, ஏனாக்கியர் வாழ்ந்த அந்த மலையையே கேட்டார். யோசுவா அவருக்கு ஆசி கூறி எப்ரோனைக் கொடுத்தார்.