ஏசிக்குள் இருக்கும் சின்ன வலைக்கும் ஒரு வரலாறு உண்டு





போன மாதம் எங்கள் பள்ளிவாசலில் ஒரு ஏசியிலிருந்து முதல் ஸப்பில் தண்ணீர் சொட்டியது. மெஷின் பழுதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று ஜும்ஆவுக்குப் பிறகு வசூல் பற்றியும் பேச்சு வந்தது. கட்டாரில் ஏசி வேலை செய்துவிட்டு வந்த தம்பி ஒருவர் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்த பில்டர் வலை, கம்பளி விரித்ததுபோல் தூசி பிடித்துக் கிடந்தது. கழுவி, காய வைத்துப் போட்டார். அடுத்த நாள் சொட்டு இல்லை. வசூலும் தேவைப்படவில்லை.

அந்த வலையின் கதையைத் தேடிப் படித்தோம். உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

1834 இல் லண்டன் பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. பிறகு அமைத்த தற்காலிக சபைக்குக் காற்றோட்டம் செய்து கொடுத்தவர் டேவிட் பொஸ்வெல் ரீட். அப்போது லண்டன் காற்றில் நிலக்கரிப் புகைக்கரி நிறைந்திருந்தது. அவர் உள்ளே வரும் காற்றைப் பெரிய துணித்திரை ஒன்றின் ஊடாக வரவிட்டார். 1870 இல் ஜோன் டின்டால் என்ற விஞ்ஞானி, நாம் சுத்தம் என்று நினைக்கும் காற்றிலும் எவ்வளவு தூசி மிதக்கிறது என்பதை ஒளிக்கற்றையைப் பாய்ச்சிக் காட்டினார். பஞ்சு அந்தத் தூசியைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் காட்டினார்.

இன்றைய ஏசியின் தொடக்கம் 1902. நியூயோர்க், புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றின் ஈரத்தால் கடதாசி விரிந்து சுருங்கியதால், ஒன்றின்மேல் ஒன்றாக அச்சிடும் நிறங்கள் விலகிப்போயின. 25 வயதுப் பொறியியலாளர் வில்லிஸ் கேரியர் ஈரத்தைக் கட்டுப்படுத்த ஓர் அமைப்பை வரைந்தார். ஆக, அது மனிதரின் சுகத்துக்காக அல்ல, கடதாசிக்காக வந்தது. 1906 இல் அவருக்குக் கிடைத்த காப்புரிமை, காற்றை நீர்த்தூவலால் கழுவும் கருவிக்கானது.

1930களில் அமெரிக்காவில் கண்ணாடி இழை வந்தது. அதன் முதல் பாவனைகளில் ஒன்று, வீட்டைச் சூடாக்கும் மெஷினுக்கான, பாவித்துவிட்டு எறியும் பில்டர். அதுவும் முதலில் மெஷினைக் காக்கத்தான். 1940களில் அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்கச் செய்த பில்டரே இன்றைய ஹெப்பாவின் மூலம். 0.3 மைக்ரோன் துகள்களில் 99.97 வீதத்தை அது பிடிக்க வேண்டும்.

நம் வீட்டு ஏசியில் இருப்பது அப்படியான பில்டர் அல்ல, வெறும் வலை. பெரிய தூசியை மட்டுமே பிடிக்கும். ஆனால் அது அடைபட்டால் என்ன நடக்கும்? குளிர்ச் சுருளுக்குப் போதிய காற்றுப் போகாது. சுருளில் பனி கட்டும். பனி உருகும்போது தண்ணீர் வழியும். அறை குளிராததால் மெஷின் நிற்காமல் ஓடும், கரண்ட் பில் ஏறும், கடைசியில் கொம்பிரசரே போய்விடும். ஈரத்தோடு சேர்ந்த தூசியில் பூஞ்சணம் பிடித்தால், தொய்வு உள்ள பிள்ளைகளும் வயதான வாப்பா உம்மாமாரும்தான் முதலில் கஷ்டப்படுவார்கள்.

அமெரிக்க வீடுகளில் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பில்டரை மாற்றுகிறார்கள். அதிலுள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். நம் வேலை அதைவிட இலேசு. சுவிச்சை நிறுத்தி, வலையைக் கழற்றி, தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காய வைத்துப் போட்டால் போதும். வீட்டில் மாதம் ஒருமுறை, சனம் கூடும் பள்ளிவாசலில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை. வலை இல்லாமல் மட்டும் ஓடவிட வேண்டாம்.

சுத்தத்தை ஈமானோடு சேர்த்துப் படித்த சமூகம் நாம். புதிய மெஷினுக்கு வசூல் செய்ய நமக்குத் தெரியும். இருப்பதைக் கழுவ ஒருவரைப் பொறுப்பாக்கத்தான் மறந்துவிடுகிறோம். எங்கள் பள்ளிவாசலில் இப்போது இரண்டு இளைஞர்கள் அதை ஏற்றிருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். உங்கள் மஹல்லாவிலும் அப்படி ஒருவரைத் தேடுங்கள். இன்றிரவு வீட்டு ஏசியின் மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.