வரி வண்டியைப் பார்க்கிறது, காப்பீடு பயணத்தைப் பார்க்கிறது: சரக்கு வண்டியில் ஏறிய மனிதர்களின் சட்ட வரலாறு

ஆடி மாசம் குலதெய்வக் கோயிலுக்குக் கிடா வெட்டப் போகும் குடும்பங்களை நம்மூர்ச் சாலைகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு குட்டி யானையின் பின்பக்கம் ஜமுக்காளம் விரித்து, அண்டா குண்டா, அரிசி மூட்டை, ஓரத்தில் கட்டிய கிடா, நடுவில் பதினைந்து இருபது பேர். வண்டி பங்காளி ஒருத்தருடையது. வாடகையெல்லாம் கிடையாது. "டீசல் மட்டும் போட்டுக்குங்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்திருப்பார். வண்டிக்கு வரி கட்டியாச்சு, எஃப்.சி. இருக்கு, பெர்மிட் இருக்கு, இன்ஷூரன்ஸும் இருக்கு. எல்லாப் பேப்பரும் கரெக்ட்.

இந்த வண்டி வளைவில் கவிழ்ந்தால், பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்க வேண்டுமா? சட்டம் சொல்லும் பதில்: வேண்டியதில்லை. "இன்ஷூரன்ஸ்தான் இருக்கே!" என்று கேட்பவர்களுக்கு இந்தப் பதில் அநியாயமாகத் தெரியும். ஆனால் இது திடீரென்று வந்ததல்ல. கிட்டத்தட்ட 90 வருஷக் கதை இதற்குப் பின்னால் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வரி வேறு, காப்பீடு வேறு. இரண்டும் ஒரே வண்டியை இரண்டு விதமாகப் பார்க்கின்றன.

வண்டி வரி மாநிலத்தின் கையில் இருக்கிறது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 57-ஆவது பதிவு, சாலையில் ஓட்டத் தகுந்த வண்டிகள்மீது வரி போடும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தருகிறது. 'ஓட்டத் தகுந்த' என்பதுதான் இங்கே முக்கியம். வண்டி எதற்குத் தகுந்தது, அதன் எடை என்ன, எத்தனை இருக்கை என்பதே கணக்கு. சென்னை மாகாணத்தில் 1931-இலேயே மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்துவிட்டது. இப்போது இருப்பது தமிழ்நாட்டின் 1974-ஆம் வருஷத்துச் சட்டம். சரக்கு வண்டிக்குச் சுமையோடு சேர்ந்த எடையை வைத்து வரி. பயணிகள் வண்டிக்கு இருக்கையை வைத்து வரி. சொந்தக் காருக்கு ஆயுட்கால வரி. நேற்று அந்த வண்டியில் வெங்காயம் போனதா, இன்றைக்கு மாமியார் வீட்டுச் சனம் போனதா என்று இந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

காப்பீடு அப்படியில்லை. அது ஒன்றியப் பட்டியலின் 47-ஆவது பதிவு, டெல்லியின் பொறுப்பு. அது கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: அன்றைக்கு, அந்த நேரத்தில், வண்டியில் யார் இருந்தார், எந்த உரிமையில் இருந்தார்? அவருக்காகப் பிரீமியம் வாங்கப்பட்டதா? வரி ரசீதைக் காட்டி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

இந்தக் கேள்வி பிறந்த இடம் இங்கிலாந்து. அங்கே 1930-ஆம் வருஷச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ரோட்டில் நடந்து போகிறவரை வண்டி இடித்துவிட்டால் அவருக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். வண்டிக்குள் இருப்பவர் தானாக விரும்பி ஏறியவர்தானே, அவரைப் பற்றிச் சட்டம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தார்கள். அதனால் பயணிகளை விலக்கிவிட்டு, இரண்டு வகையினரை மட்டும் உள்ளே சேர்த்தார்கள். ஒன்று, கட்டணம் கொடுத்துப் போகிறவர்கள். இன்னொன்று, வேலை ஒப்பந்தத்தின்பேரில் வண்டியில் போகிறவர்கள்.

இந்தியாவின் 1939-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் அதே அச்சில் வார்க்கப்பட்டது. அதன் 95-ஆவது பிரிவு ஏறக்குறைய இங்கிலாந்துப் பிரிவின் நகல். ஆனால் காப்பீடு பற்றிய எட்டாவது அத்தியாயம் உடனே அமலுக்கு வரவில்லை; 1946 ஜூலை 1-இல்தான் வந்தது. 1956 திருத்தத்தில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்யப்பட்டது. வழக்குகள் பெருக ஆரம்பித்ததும் பழைய வாசகத்தின் ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன.

இலவசமாக ஏறியவரின் நிலைமை சொந்தக் காரிலும் இதுதான். 1977-இல் புஷ்பாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. நிறுவனத்தின் காரில் கூடப் போனவர் இறந்துவிட்டார். கார் உரிமையாளரான நிறுவனம் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால், அப்படிப்பட்ட பயணிக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்பதால், பாலிசியில் தனியாக எழுதியிருந்த 15,000 ரூபாயோடு காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், நாம் எந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதினோமோ அந்த இங்கிலாந்து 1971-லேயே தனிச் சட்டம் போட்டுப் பயணிகளுக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்கிவிட்டது. நாம் மூலத்தை விட்டுவிட்டு நகலோடு இருந்தோம்.

லாரிகளில் சிக்கல் இன்னும் கூடுதல். கிராமத்திலிருந்து மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டையோடு மூட்டையாகப் போகும் விவசாயி, டிரைவர் கையில் பத்து ரூபாய் கொடுத்து ஏறிக்கொள்ளும் கூலியாள்: இவர்கள் எல்லாம் 'கட்டணம் கொடுத்துப் போகிறவர்கள்' தானே? சில உயர் நீதிமன்றங்கள் ஆமாம் என்றன, சில இல்லை என்றன. 1998-இல் மல்லவ்வா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு சொன்னது. எப்போதாவது ஆள் ஏற்றுவதால் ஒரு லாரி 'பயணிகள் கட்டணத்துக்குப் போகும் வண்டி' ஆகிவிடாது. வழக்கமாக அந்த வேலையைச் செய்யும் வண்டியாக இருக்க வேண்டும். கொடுத்த பத்து ரூபாய்க்கு மதிப்பில்லாமல் போனது.

இதற்குள் பழைய சட்டம் போய் 1988-ஆம் வருஷத்துப் புதிய சட்டம் வந்திருந்தது (அமலுக்கு வந்தது 1989 ஜூலை 1). அதன் 147-ஆவது பிரிவில் 'எந்த நபருக்கும்' ஏற்படும் மரணம் அல்லது காயம் என்று எழுதியிருந்தது. பயணிகளை விலக்கிய பழைய வரி இல்லை. சரக்கு வண்டியில் இலவசமாகப் போனவரும் 'எந்த நபர்' என்பதில் அடங்குவார் என்று 1999 டிசம்பரில் சத்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கீழ்நிலைத் தீர்ப்பாயங்களில் இதை வைத்தே பல குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது.

அந்த வாசல் மூன்றே வருஷம்தான் திறந்திருந்தது. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சத்பால் சிங் தீர்ப்பு தவறு என்றது. அவர்கள் கையில் எடுத்தது ஒரு வரையறை. 1939 சட்டத்தில் 'சரக்கு வண்டி' என்பதற்கான விளக்கத்தில், சரக்கை மட்டுமோ அல்லது பயணிகளோடு சேர்த்தோ ஏற்றும் வண்டி என்ற பொருளில் சில சொற்கள் இருந்தன. 1988 சட்டத்தில் அந்த 'பயணிகளோடு சேர்த்து' காணாமல் போய்விட்டது. சரக்குக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. அப்படியென்றால் சரக்கு வண்டியில் மனிதர்கள் போவார்கள் என்று சட்டமே நினைக்கவில்லை. நினைக்காத ஆளுக்குப் பிரீமியம் எப்படி வாங்கியிருப்பார்கள்? பிரீமியம் வாங்காத ஆளுக்கு நிறுவனம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? தர்க்கத்தில் பிழை சொல்வது கஷ்டம். ஆனால் சட்டம் நினைக்கவில்லை என்பதற்காக லாரியில் ஏறுவதை ஜனங்கள் நிறுத்திவிடவில்லை.

நடுவில் ஒரு சின்ன வாசல் திறந்தது. 1994 நவம்பரில் அமலுக்கு வந்த திருத்தம், 'எந்த நபர்' என்பதில் சரக்கின் உரிமையாளரும் அவர் அனுப்பிய பிரதிநிதியும் அடங்குவர் என்று சேர்த்தது. வண்டி உரிமையாளரிடம் வேலை பார்க்கும் டிரைவர், கிளீனர், லோடுமேன் போன்றவர்களுக்கு 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அளவுக்குப் பாதுகாப்பு இருந்தது. ஆனால் சரக்கின் உரிமையாளர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பதும் கேள்வியானது. 2007-இல் சொல்லேட்டி பாரதம்மா வழக்கில், சரக்கு உரிமையாளர் என்றால் முன்பக்கக் கேபினில் பயணம் செய்பவர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது தன் வாழைத்தார்களுக்கு மேலே உட்கார்ந்து போகும் விவசாயி இந்தப் பாதுகாப்புக்கு வெளியே. கேபினில் இடம் இல்லாததால்தான் அவர் மேலே ஏறினார் என்பது பாலிசியில் எழுதும் விஷயம் இல்லையே.

இந்த வரலாற்றில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது வேறு ஒன்று. மனிதர்களின் கதை இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, வண்டிகளின் கதை வேறு மாதிரி போனது. 1996-இல் நாகராஜு வழக்கு: ஆறு பேர் போகலாம் என்று அனுமதித்த லாரியில் ஒன்பது பேர் போனார்கள், விபத்து நடந்தது. விதிமீறல் என்று சொல்லி, லாரியின் சேதத்துக்குப் பணம் தர நிறுவனம் மறுத்தது. கூடுதலாக ஆள் இருந்ததால் விபத்து நடக்கவில்லை, இது அடிப்படை மீறல் இல்லை, பணத்தைக் கொடு என்றது உச்ச நீதிமன்றம். எதிர்த் திசையிலும் இப்படித்தான். நம்ம ஊரில் ஓன் போர்டு வண்டி என்போமே, சொந்த உபயோகத்துக்கு என்று காப்பீடு எடுத்த காரை வாடகைக்கு விட்ட வழக்குகள். 2008-இல் நிதின் கண்டேல்வால் வழக்கு, 2010-இல் அமலேந்து சாஹு வழக்கு. இரண்டிலும் விதியை மீறியிருந்தாலும், கோரிக்கையை முழுசாகத் தள்ளாமல் 75 சதவீதம் கொடு என்பதுதான் முடிவு.

ஆக, தவறாகப் பயன்படுத்திய வண்டியின் தகரத்துக்கு முக்கால் பங்கு கிடைக்கலாம். அதே தவறில் வண்டிக்குள் இருந்த மனிதருக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். இரண்டும் வேறு வேறு ஒப்பந்தக் கேள்விகள் என்று வக்கீல்கள் விளக்குவார்கள், அது சரிதான். வண்டி உரிமையாளர் தன் சேதத்துக்குப் பிரீமியம் கட்டியிருக்கிறார். பின்னால் ஏறியவருக்காக யாரும் கட்டவில்லை. ஆனாலும் இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது மனசு ஒப்புவதில்லை.

நீதிமன்றங்களுக்கும் அந்தச் சங்கடம் இருந்தது என்றே நினைக்கிறேன். 2004 ஜனவரியில் பல்ஜித் கவுர் வழக்கில், இலவசப் பயணிக்குக் காப்பீடு இல்லை என்பதை உறுதி செய்த அதே தீர்ப்பில், இதுவரை சட்டம் தெளிவாக இல்லாததால் இந்தக் குடும்பத்துக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொன்னார்கள். 'கொடுத்துவிட்டு வசூலி' என்ற இந்த ஏற்பாடு 2013-இல் சஜு பி. பால், 2017-இல் மனுவாரா காத்தூன் ஆகிய வழக்குகளிலும் வந்தது. ஆனால் இது கருணை, உரிமை இல்லை. நீதிமன்றம் கொடுத்தால் உண்டு.

கடைசியாகச் சட்டமே வாயைத் திறந்து சொல்லிவிட்டது. 2019 திருத்தத்தில் காப்பீட்டு அத்தியாயம் முழுசாக மாற்றி எழுதப்பட்டு, 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. போக்குவரத்து வண்டியின் எந்தப் பயணிக்கும் பாதுகாப்பு உண்டு, 'சரக்கு வண்டியின் இலவசப் பயணிகள் தவிர' என்று அதில் நேரடியாகவே எழுதியிருக்கிறது. இங்கிலாந்தில் 1930-இல் போட்ட கோட்டை அவர்கள் 1971-இல் அழித்தார்கள். நாம் 2019-இல் அதே கோட்டைச் சரக்கு வண்டிக்கு இன்னும் அழுத்தமாகப் போட்டிருக்கிறோம்.

இப்போது அந்தக் குட்டி யானைக்குத் திரும்புவோம். டாடா ஏஸ் 2005-இல் வந்தது, ஆஷா ராணி தீர்ப்புக்கு அப்புறம். அதனால் அதில் ஏறிய இலவசப் பயணிகளுக்கு ஒருநாளும் அந்தக் கதவு திறந்து இருந்ததில்லை. காப்பீட்டு நிறுவனம் விலகிக்கொண்டால் பொறுப்பு மறைந்துவிடாது. அது வண்டிக்காரர் தலையில் வந்து இறங்குகிறது. "டீசல் மட்டும் போட்டுக்குங்க" என்று சொன்ன பங்காளிதான் இறந்தவர் குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் இழப்பீடு கொடுக்க வேண்டியவர் ஆகிறார். அவரிடம் இருப்பது அந்த ஒரு வண்டியும், அதன் கடன் தவணையும்தான். தீர்ப்பு கையில் இருந்தும் பணம் வராத குடும்பம் ஒன்று, வீட்டை இழக்கும் குடும்பம் ஒன்று. பெரும்பாலும் இரண்டும் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் குடும்பங்கள்.

ஒரு டி போர்டு வேன் எடுத்தால் இதெல்லாம் வராது என்று சொல்வது சுலபம். வேன் வாடகை கொடுக்க முடிந்தவர்கள் ஏன் சரக்கு வண்டியில் நின்றுகொண்டு போகப் போகிறார்கள்? ஆனாலும் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், ஏறுவதற்கு முன்னால், ஒரு விஷயம் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். வரி ரசீது வண்டிக்கானது. இன்ஷூரன்ஸ் பேப்பர் அந்த வண்டி எந்தப் பயணத்துக்கு என்று ஒப்புக்கொண்டதோ அதற்கானது. பின்பக்கம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கென்று அதில் ஒரு ரூபாய்கூட எழுதவில்லை.